சுண்டைவற்றல் திறந்த கதவு

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். அந்த நாட்டு ராஜாவுக்குத் திடீரென்று ஒரு பயம் பிடித்துக்கொண்டது. பக்கத்து நாட்டில் எவனோ ஒருவன் அரண்மனைக்குள் புகுந்து, அரச முத்திரையைத் தூக்கி, ராஜா பேரிலேயே ஆணை போட்டு, கோட்டைக் கதவைத் திறக்க வைத்துவிட்டானாம்.

"நம் நாடு இதற்கு எவ்வளவு ஆயத்தம்? அளந்து சொல்லுங்கள்" என்றார் ராஜா.

அளக்கும் வேலை பிரதானி சோலையப்பர் தலையில் விழுந்தது. மனிதர் என்ன செய்தார்? காவல் தலைவர்களை ஒவ்வொருவராக அழைத்து, "ஆயத்தமா?" என்று கேட்டார். எல்லாரும் "ஆயத்தம்" என்றார்கள். இல்லையென்று சொல்லி வேலையைத் தொலைக்க எவனுக்குப் பைத்தியம்? அளந்தாயிற்று!

"பரிபூரண ஆயத்தம், மகாராஜா. முத்திரை அறைக்கு மூன்று வாசல். தினமும் உச்சிவேளையில் அடியேன் புதிதாக ஒரு இரகசியச் சொல் அனுப்புகிறேன். சொல் சரியென்றால் ஆளைப் பார்க்காமல் திறக்க வேண்டும். தவறென்றால் யாராயினும் விடக் கூடாது."

சபையின் கடைசியில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். சபை விகடன் செவந்தியப்பன்.

"சிரித்தவன் நிரூபிக்கட்டும்" என்று சீறினார் பிரதானி. "நாளை பொழுது சாய்வதற்குள் முத்திரையை எடுத்து வரட்டும். யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது, யாருக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது, பூட்டில் கை வைக்கக் கூடாது. முடியாவிட்டால் நாடு கடத்துங்கள்."

ராஜாவும் சரியென்று தலையாட்டிவிட்டார்.

செவந்தியப்பனுக்குப் பெண்டாட்டி போய்ச் சேர்ந்து வெகுகாலம். பிள்ளை குட்டி கிடையாது. மனிதர்கள் அவனிடம் முகம் பார்த்துப் பேசுவது அந்தச் சபையில் மட்டும்தான். அங்கே விழுந்து விழுந்து சிரிப்பார்கள், வீட்டுக்கு மட்டும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் நாளைக்கு நம்மைப் பற்றியே கதை கட்டிவிடுவான் என்று பயம். சபையும் போனால் அவனுக்கு இந்த உலகத்தில் என்னதான் மிச்சம், பாவம்!

மறுநாள் மத்தியானம் அவன் வழக்கம்போல் பிரதானி வீட்டுத் தெருவழியாகவே நடந்தான். வேறு குறுக்குவழி உண்டுதான். ஆனால் அந்த வீட்டு அடுக்களைச் சன்னலருகே நடையைத் தளர்த்தி, வாசனையை இழுத்துக்கொண்டு போய், தன் வீட்டில் பழையதைச் சாப்பிடுவான். நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

அன்று நல்லெண்ணெயில் சுண்டைவற்றல் பொரிந்துகொண்டிருந்தது. செவந்தியப்பன் அப்படியே திரும்பி அரண்மனைக்கு நடந்தான்.

முதல் வாசலில் காவற்காரன் ஈட்டியை நீட்டினான். "சொல்லு?"

"சுண்டைவற்றல்."

காவற்காரனுக்கு முகம் வெளுத்தது. "யோவ், உமக்கு யாருய்யா சொன்னது?"

"சரியா தப்பா, அதைப் பார்க்கிறதுதான் உம்ம வேலை."

"சரிதான்..."

"அப்ப திறவும். ஆளைப் பார்க்கக் கூடாதுன்னு உத்தரவாச்சே!"

இரண்டாம் வாசலிலும் அதே சொல். மூன்றாம் வாசலிலும் அதேதான்! வாசலுக்கு ஒரு சொல் வைக்கப் பிரதானிக்குச் சோம்பல்.

முத்திரையைக் கொண்டுபோய் ராஜா முன்னால் வைத்தான்.

"யாரிடமும் கேட்கவில்லை, கொடுக்கவில்லை, பூட்டைத் தொடவில்லை, மகாராஜா. தன் வீட்டுச் சன்னலருகே மூச்சு இழுக்கக் கூடாதென்று பிரதானியார் சொல்லவில்லை, இழுத்தேன். செவிட்டுக் காவற்காரர் ஒருவருக்காக, சொல்லைக் கொண்டுவந்த ஆள் அதை உரக்கச் சொன்னது முன்பு இரண்டு தடவை என் காதில் விழுந்தது. ஒருநாள் முருங்கைக்கீரை, ஒருநாள் வாழைப்பூ. இரண்டு நாளும் பிரதானியார் வீட்டில் அதே சமையல்."

"தினமும் புதுச் சொல்லுக்கு எங்கே போவேன், மகாராஜா?" என்று பிரதானி நெளிந்தார். "அடுப்பில் எது இருந்ததோ..."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி விகடனுக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும்? கேள்!"

"யார் வீட்டிலாவது ஒருவேளை, பேசிக்கொண்டே சாப்பிட வேண்டும், மகாராஜா."

ராஜா அவனைப் பார்த்தார். பிறகு முன்னைவிடப் பலமாகச் சிரித்தார். சபையே கண்ணில் நீர் வரச் சிரித்தது. அவன் சொன்னதிலேயே இதுதான் உசத்தி என்றார்கள். செவந்தியப்பனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அவன் உத்தியோகம் அது.

அதன்பிறகு வாசலுக்கு வாசல் வேறு வேறு சொல் வந்தது. சமையலுக்கும் சொல்லுக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று. மறுநாள் மத்தியானம் கழுத்தில் முத்துமாலையோடு அவன் அதே தெருவில் நடந்தான்.

"அந்த மூக்கன் வர்றான், சன்னலைச் சாத்துடி!" என்று உள்ளேயிருந்து பிரதானியின் குரல் கேட்டது.

சன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. தாழ்ப்பாளும் விழுந்தது.

"என்ன சமையல்னாவது சொல்லுங்களேன்" என்றான் செவந்தியப்பன், மெதுவாக.

கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அவன் வீட்டுக்கு நடந்தான். அன்று முதல் அந்த நாடு வெகு பத்திரமாக இருந்தது.