நீல டப்பாக் குண்டுகள்

"மாஸ்டர், மலிவுக் குண்டுல நல்லது எது, மட்டமானது எதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

பூங்கொடி இப்படிக் கேட்டபோது கோதை மாஸ்டர் இலக்கு அட்டையைப் பலகையில் ஆணி வைத்து அடித்துக்கொண்டிருந்தார்.

"சுட்டுப் பாருங்கக்கா."

"சுட்டுப் பார்த்துட்டேனுங்க. எல்லாமே மட்டமா இருக்குது."

"எல்லாமேவா?"

"அஞ்சு கம்பெனிதும்."

"அப்ப குண்டு மேல தப்பிருக்காது," என்றார் மாஸ்டர். சுத்தியலை எடுத்துக்கொண்டு அடுத்த பலகைக்குப் போய்விட்டார்.

கோதை மாஸ்டரிடம் ஒரு கேள்விக்கு முழுப் பதில் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. பாதியைச் சொல்லிவிட்டு மீதியைக் கேட்டவர் தலையில் கட்டிவிடுவார். பூங்கொடியைவிட வயதில் சின்னவர். பொள்ளாச்சிக்கு வெளியே, மூடிப்போன கயிறு ஆலையின் கொட்டகையில் ஏர் ரைஃபிள் சுடச் சொல்லிக்கொடுக்கிறார். தென்னை நார் மூட்டைகளை அடுக்கி, அவற்றுக்கு முன்னால் அட்டை மாட்டிச் சுடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் டாக்டர், மளிகைக் கடைக்காரர் என்று பொழுதுபோகாதவர்கள் எல்லாரும் அங்கேதான்.

பூங்கொடி பொழுதுபோக்க வரவில்லை. போன ஆவணியில் சிவசாமிக்கு இரண்டாம் மனைவியாக வந்தவள். முதல் மனைவி வசுமதி காய்ச்சலில் போய்விட்டார். அவர் விட்டுப்போனவை ஒரு ரைஃபிளும், தாரிகா என்ற பெண்ணும். எட்டாம் வகுப்புப் படிக்கிற அந்தப் பெண், வீட்டுக்கு வந்தவளை இதுவரை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை.

ரைஃபிள் என்றால் தாரிகாவுக்கு உயிர். சேர்ந்து சுட்டால் பேச்சு வரும் என்று பூங்கொடி நினைத்தாள். பாவம், நல்ல எண்ணம்தான்.

முதல் ஞாயிறே காரியம் கெட்டது. தாரிகா சுட்ட குண்டுகள் மூலைக்கு ஒன்றாகப் போயின. வசுமதி வழக்கமாகச் சுட்ட அதே நீல டப்பாக் குண்டுகள், கடையில் கிடைப்பதிலேயே மலிவானவை. அவர் கையில் அவை வட்டத்தின் நடுவை விட்டு நகர்ந்ததில்லை.

தாரிகா ரைஃபிளைக் கீழே வைத்தாள்.

"இது எங்கம்மா துப்பாக்கியே இல்ல," என்றாள். அதற்குப் பிறகு கொட்டகைக்கு வரவில்லை.

குண்டுதான் மட்டம் என்று பூங்கொடி முடிவு கட்டினாள். நல்ல டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டால் பிள்ளை திரும்பி வருவாள்.

மாஸ்டரிடம் அப்படிக் கேட்டதற்கு அடுத்த ஞாயிறு அதே ஐந்து டப்பாக்களோடும் ஒரு கண்ணாடித் துண்டோடும் வந்து உட்கார்ந்தாள்.

"கண்ணாடி எதுக்குங்கக்கா?"

"உருட்டிப் பார்க்கறதுக்குங்க. அடி விரிஞ்ச குண்டுதானுங்களே, நல்லதெல்லாம் ஒரே மாதிரி வளைஞ்சு உருளுது. ஓரம் நசுங்கினது தள்ளாடுது. அதையெல்லாம் பொறுக்கிப் போட்டுட்டேன்."

"அது சரி. அப்புறம்?"

"அப்புறம் ஒவ்வொரு டப்பாவுலயும் பத்துப் பத்துச் சுட்டேன்."

"ஒரு டப்பாவுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல?"

"நடுவுல குழலைச் சுத்தமா தேய்ச்சுத் துடைச்சிருவேன். ஒரு டப்பாவோட ஈயம் இன்னொண்ணுக்கு ஒட்டக் கூடாதில்லைங்களா? நியாயம்னு ஒண்ணு இருக்குதே." பையிலிருந்து பித்தளைப் பிரஷ்ஷை எடுத்துக் காட்டினாள். "துப்பாக்கி வீட்டுல கிடந்தப்பவே, தாரிகா சுடறதுக்கு முன்னாடி, ஒரு தடவை நல்லாத் தேய்ச்சுட்டேன். உள்ள அத்தனை கரி."

மாஸ்டர் பிரஷ்ஷைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு அதை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார். வெளியே ஒரு கோழி அலறிக்கொண்டு ஓடியது.

"மாஸ்டர்!"

"நீல டப்பாவை எடுங்க."

"அது ஆகாதுன்னு முதல் நாளே ஒதுக்கிட்டேனே."

"எடுங்க."

மாஸ்டர் வட்டம் எதுவும் இல்லாத ஒரு வெறும் அட்டையை மாட்டினார்.

"எங்கங்க சுடறது?"

"அட்டையில."

பூங்கொடி சுட்டாள். குண்டு எங்கோ மேலே போனது. அடுத்தது கீழே போனது. எட்டிப் பார்க்கப் போனவளை மாஸ்டர் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"பார்க்காதீங்க. சுட்டுட்டே இருங்க."

பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

"தாரிகா எப்படி இருக்கா?"

"சாப்பிட வர்றா, போறா. நான் ஒரு ரூம்ல இருந்தா அவ இன்னொரு ரூம்ல." பூங்கொடி குண்டைப் போட்டு மூடினாள். "ஜூன்ல ஹாஸ்டல்ல சேர்த்து விடுங்கன்னு அவங்கப்பாகிட்டக் கேட்டிருக்கா."

"அவரு என்ன சொன்னாரு?"

"என்னைப் பார்த்தாரு. நான் என்னத்தைச் சொல்ல? நான் வந்ததுக்காக ஒரு புள்ள வீட்டை விட்டுப் போறதா?"

சுட்டாள். மாஸ்டர் அடுத்த குண்டை நீட்டினார்.

"வீடு எப்படி இருக்குதுங்கக்கா?"

"பளிச்சுன்னு வெச்சிருக்கேனுங்க. வசுமதி அக்காவோட சேலை, டம்ளர், போட்டோ எல்லாத்தையும் பரண்ல ஏத்தி மூடிட்டேன். பார்க்கப் பார்க்கப் புள்ள அழுவா. கதவுக்குப் பின்னாடி அவங்க தொப்பி ஒண்ணு தொங்கும், இங்க சுட வர்றப்பப் போடறது. ஒரு நாள் அதுல முகத்தை வெச்சுட்டு நின்னா. எனக்குத் தாங்கலைங்க. அன்னைக்கே கழட்டிட்டேன். ஆணியைக்கூடப் பிடுங்கிட்டேன்."

மாஸ்டர் குண்டை மட்டும் நீட்டினார்.

டப்பாவில் பாதி காலியான பிறகு எழுந்து போய், வெறும் அட்டையைக் கழற்றிவிட்டு வட்டம் போட்ட அட்டையை மாட்டினார்.

"இப்ப பத்துச் சுடுங்க."

சுட்டு முடித்ததும் அட்டையைக் கொண்டுவந்து பூங்கொடியின் மடியில் வைத்தார். நடுவில் ஒரு ஓட்டை இருந்தது. சுண்டைக்காய் நுழையும். மற்ற இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது.

பூங்கொடி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டப்பாவை மாத்திட்டீங்களா மாஸ்டர்?"

"அதே நீல டப்பாதான்."

"பின்ன எப்படிங்க?"

"ஒவ்வொரு குண்டும் போற வழியில குழலுக்குள்ள துளி ஈயத்தைப் பூசிட்டுப் போகும். அந்தப் பூச்சு மேலதான் அடுத்தது நேராப் போகும்."

"அப்ப நான் கரின்னு தேய்ச்சது..."

"வசு அக்கா பூசினது."

பூங்கொடி ரைஃபிளை மடியில் கிடத்திக்கொண்டாள். பிள்ளையைக் கிடத்துவதுபோலத்தான் கிடத்தினாள்.

"பழைய பூச்சு இருந்தா, புதுசா வர்ற குண்டை அது ஒதுக்காதுங்களா?"

"முதல்ல கொஞ்சம் கோணலாப் போகும். அதுக்கு முகம் சுளிச்சுட்டுப் பிரஷ்ஷை எடுக்காம இருந்தா, அது மேலேயே இதுவும் ஒட்டிக்கும்."

பூங்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாஸ்டர்."

"சொல்லுங்கக்கா."

"ஒரு ஆணி கிடைக்குங்களா?"

மாஸ்டர் பலகையிலிருந்து ஒரு ஆணியைப் பிடுங்கி, வளைவை நிமிர்த்திக் கொடுத்தார்.

அன்று மாலை டியூஷன் முடிந்து வந்த தாரிகா வாசலிலேயே நின்றுவிட்டாள். பரண் திறந்து கிடந்தது. வசுமதியின் படம் கூடத்துச் சுவருக்கு வந்திருந்தது. கதவுக்குப் பின்னால் பூங்கொடி ஒரு கையில் சுத்தியலும் ஆணியும், இன்னொரு கையில் பச்சைத் தொப்பியுமாக நின்றாள். ஆணியை எங்கே அடிப்பது என்று அவளுக்கு மறந்துபோயிருந்தது.

தாரிகா தொப்பியைப் பார்த்தாள். முகத்தில் என்ன ஓடுகிறது என்று தெரியவில்லை. பூங்கொடி சுத்தியலை இறக்கினாள். அழப்போகிறாளோ, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போகப்போகிறாளோ.

"இன்னும் மேல," என்றாள் தாரிகா. "எனக்கு எட்டாம இருக்கணும்னு அம்மா மேலதான் மாட்டும்."

"இப்ப உனக்கு எட்டுமே."

"எட்டும்."

பூங்கொடி சுத்தியலையும் ஆணியையும் நீட்டினாள். தாரிகா பையைக் கீழே போட்டுவிட்டு, அடிக்க வாகாக முக்காலியில் ஏறி, ஆணியைச் சுவரில் பிடித்து அடித்தாள். முதல் அடி சுவரில் விழுந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. அடுத்த அடியில் ஆணி சாய்ந்தது.

"சித்தி, கோணையாப் போகுது."

பூங்கொடி முக்காலியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பரவால்ல கண்ணு. அடிச்சுட்டே இரு."