உடல்நலக் குறைவு காரணமாக

பூங்காவனம் சட்டசபைக் கூட்டம் முடிந்து ஊர் திரும்பிய சனிக்கிழமை அது. சேரியிலிருந்து சபைக்குப் போன முதல் பெண் என்று அவரை மேடைக்கு மேடை சொல்லுவார்கள். பெரிய பேருதான். அன்றைக்குக் கால் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல், நாற்காலியில் சாய்ந்து கிடந்தார்.

தனபாக்கியம் வந்தாள். அவரைவிட இரண்டு வயதுதான் சின்னவள். மனு எழுதவும் மைக் பிடிக்கவும் சொல்லிக்கொடுத்து, அவளைப் பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு நிற்கவைத்ததே பூங்காவனம்தான். வந்தவள் டைப் அடித்த காகிதம் ஒன்றை நீட்டினாள்.

“என்ன பாக்கியம்?”

“ராஜினாமாக்கா. போதும். என்னால முடியல.”

“கையெழுத்துப் போட்டுட்டியா?”

“இன்னும் இல்ல. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போட மனசு வரல.”

பூங்காவனம் கண்ணாடியைத் தேடினார். கிடைக்கவில்லை. “நீயே படி.”

“உடல்நலக் குறைவு காரணமாக என் பதவியை…”

“உனக்கு என்ன உடம்புக்கு?”

“ஒண்ணுமில்லக்கா. கல்லு மாதிரி இருக்கேன். துணைத் தலைவர்தான் அப்படி அடிச்சுக் கொண்டாந்து குடுத்தாரு.”

“அடேங்கப்பா! உன் உடம்பு மேல அவருக்கு எவ்வளவு அக்கறை!”

தனபாக்கியத்துக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. “பதினோரு மாசமா ஆபீஸ் சாவி அவர்கிட்ட. எல்லாரும் உள்ள உக்காந்து பேசுவாங்க. தீர்மான நோட்டு மட்டும் வாசலுக்கு வரும். நான் நின்னுக்கிட்டே கையெழுத்துப் போடணும். திங்கட்கிழமை நம்ம தெருவுக்குக் குழாய் போடுற தீர்மானம் வருது. என் ஒரு ஓட்டுலதான் அது ஜெயிக்கும். அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுன்னு தலைமேல நிக்கிறாரு.”

“ம்.”

“உங்களுக்கு அலுக்கவே இல்லையாக்கா?”

“அலுக்காம? முதல் வருஷம் நான் பேச எழுந்தா பாதிப் பேர் டீ குடிக்க எழுந்துடுவாங்க. இப்பவும் எழுந்துடுறாங்க. நாலைஞ்சு பேர் குறைச்சல், அவ்வளவுதான். கண்ணை மூடினா அப்படியே போய்ச் சேர்ந்துடலாம் போல இருக்கு.”

திட்டுவார் என்று நினைத்துத்தான் தனபாக்கியம் வந்திருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

பூங்காவனம் குனியப் பார்த்தார். முடியவில்லை. “கால்ல இருக்கிற இந்தக் கட்டைக் கொஞ்சம் அவிழேன்.”

அவிழ்த்தாள். சர்க்கரைப் புண். இரண்டு விரல்களைக் காணோம்.

“ஐயோ! எப்பக்கா இது?”

“சபை தொடங்கறதுக்கு முந்தின மாசம் எடுத்துட்டாங்க. யார்கிட்டயும் சொல்லல. நின்னுதானே பேசணும்? நின்னேன்.”

தனபாக்கியம் புண்ணைத் துடைத்தாள். மருந்து வைத்துப் புதுத் துணி சுற்றினாள். பிறகு காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பூங்காவனம் கையை நீட்டினார்.

“அதைக் குடுத்துட்டுப் போ. அதுல எழுதியிருக்கிற காரணம் என்னுது.”