உரிமம் பெற்ற மாமரம்

கொட்டாவிப்பட்டிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாரும் ஆராய்ந்து முடித்ததில்லை. ஆராய உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பாதியிலேயே தூங்கிப் போனார்கள். அந்த ஊரில் வேதகிரி என்று ஒருவன் இருந்தான். நல்லவன், உழைப்பாளி, யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்கிறவன். அவனுடைய கஷ்டமெல்லாம் அதனால் வந்ததுதான்.

ஒருநாள் அவன் மனைவி செங்கமலம், "மழை வரும்போல இருக்கு, கொடியில துணி காயுது, பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். திரும்பி வரும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. கொடியில் துணி நனைந்துகொண்டிருந்தது. வேதகிரி கொடியடியில் நனைந்தபடி நின்று, கண்ணிமைக்காமல் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செங்கமலம் ஒன்றும் திட்டவில்லை. ஈரத் துணியைப் பிழிந்து அப்படியே பெட்டியில் வைத்துக் கட்டினாள்.

"ஊர்ல எல்லாரும் உங்களை வேலவெட்டி இல்லாதவருன்னு சொல்றாங்க. கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப் போச்சு. ஏதாவது ஒரு தொழிலுக்கு அரசாங்க முத்திரை போட்ட உரிமம் வாங்கியாந்து என் கையில கொடுங்க. அன்னிக்கே வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு வேதகிரிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தினமும் காலையில் இரண்டு டம்ளரில் காபி போடுவான். ஒன்றைக் குடித்துவிட்டு, இன்னொன்று ஆறிப் போகிறதே என்று அழுவான்.

அந்தச் சமயத்தில் மாமனார் தாண்டவராயரிடமிருந்து ஆள் வந்தது. அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு மாமரம். அதில் பட்டுப்போன பெரிய கிளை ஒன்று மாட்டுக் கொட்டகைக்கு நேர் மேலே தொங்குகிறது. காற்றுக் காலம் வருகிறது. ஆனால் அந்த வட்டாரத்தில் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள், உரிமம் பெற்ற ஆள் தவிர யாரும் மரத்தில் கை வைக்கக் கூடாதாம். "மாப்பிள்ளை அந்தத் தொழிலுக்கே உரிமம் வாங்கிட்டு வந்து கிளையை இறக்கட்டும். கொட்டகையும் பிழைக்கும், மத்தியானம் விருந்து போட்டுப் பொண்ணையும் கூட அனுப்பிடுறேன்" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

வேதகிரி தன் சிநேகிதர்கள் இரண்டு பேரைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டான். ஒருவன் பூவராகன். பெரிய யோசனைக்காரன். மோவாயில் விரலை வைக்காமல் ஒரு வார்த்தை பேச மாட்டான். மற்றவன் ஏகாம்பரம். கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் சரி என்பான்.

மூவரும் டவுன் ஆபீசுக்குப் போனார்கள். அங்கே ஜன்னலுக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார்.

"மரப் பராமரிப்புத் தொழில் உரிமமா? முன் அனுபவம் இருக்கா?"

"இல்லீங்க சார்."

"அனுபவம் இல்லாதவங்களுக்கு உரிமம் கிடையாது."

"சரிங்க சார். மரத்துல ஏறி அனுபவம் சம்பாதிச்சுட்டு வந்துடுறோம்."

"உரிமம் இல்லாம மரத்துல கை வெச்சா கேஸ் போட்டுடுவோம்."

"அப்ப அனுபவம் எப்படி சார் வரும்?"

"அது உங்க பாடு. அனுபவத்தோட வாங்க" என்று சொல்லி அவர் ஜன்னலைச் சாத்தினார்.

வெளியே வந்து ஒரு வேப்பமரத்தடியில் நின்று யோசித்தார்கள். மரத்தில் சாய்ந்திருந்த ஏகாம்பரம், சட்டம் ஞாபகம் வந்து, சூடு பட்டவன் மாதிரி துள்ளி விலகினான். பூவராகனின் விரல் மோவாய்க்குப் போயிற்று.

"மரமா இருக்கணும். ஆனா மரமா இருக்கக் கூடாது. அப்படி ஒண்ணு வேணும்."

"நம்ம ஊர்லயே இருக்கே!" என்றான் வேதகிரி.

இருந்தது. ஏதோ ஒரு தேர்தலுக்கு முன்னால் ஊர் நடுவில் ஒரு விளக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். தேர்தல் முடிந்த பிறகு அதற்குக் கம்பி இழுக்க யாரும் வரவில்லை. விளக்கு மாட்டவும் யாரும் வரவில்லை. கம்பம் மட்டும் ஒற்றை இரும்புக் கையை நீட்டிக்கொண்டு நின்றது.

மூவரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"நட்டு வெச்சதுதானே? அப்ப செடி வகைதான்" என்றான் பூவராகன். "தண்டு இருக்கு. ஒரு கிளை இருக்கு. இலைதான் இல்ல."

"இலையுதிர்ற காலமா இருக்கும்" என்றான் வேதகிரி.

"வருஷக்கணக்காவா?"

"அப்ப சீக்கு" என்றான் ஏகாம்பரம்.

வைத்தியம் தொடங்கியது. தினமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அடியில் பாத்தி கட்டிச் சாண எரு குவித்தார்கள். பூச்சி அண்டாமல் இருக்க வேப்பெண்ணெய் தடவினார்கள். அது வழிந்து, கம்பத்தில் உட்கார வந்த காக்கைகள் எல்லாம் சறுக்கி விழுந்தன. ஊர்க்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. எப்போது பூக்கும் என்றுதான் கேட்டார்கள்.

அடுத்தது கிளை கழிக்கிற வேலை. ஆபீஸ் சுவரில் ஒரு விதி எழுதியிருந்தது: உயரத்தில் வேலை செய்கிறவர் இடுப்பில் கயிறு கட்டியிருக்க வேண்டும்; கயிற்றின் மறுமுனையை உறுதியான ஒன்றில் கட்ட வேண்டும்.

"இந்த உலகத்துல ரொம்ப உறுதியானது எது?" என்று கேட்டான் பூவராகன்.

"நம்ம சிநேகிதம்" என்றான் வேதகிரி. சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகையால் ஒருவர் இடுப்போடு இன்னொருவர் இடுப்பைச் சேர்த்து மூவரும் கயிற்றைக் கட்டிக்கொண்டு மேலே ஏறினார்கள். இரும்புக் கையை வாளால் அறுத்து முடித்ததும் ஏகாம்பரம் ஒரு தும்மல் போட்டான். மூவரும் ஒன்றாகக் கீழே வந்தார்கள். எருக்குவியல் இருந்ததால் யாருக்கும் அடிபடவில்லை. மரத்துக்கு எரு எவ்வளவு அவசியம் என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரிந்தது. எழுந்து, அறுத்த இடத்தில் முறைப்படி சாணி பூசிவிட்டு, நேரே ஆபீசுக்குப் போனார்கள்.

"என்ன மரத்துல வேலை செஞ்சீங்க?" என்றார் குமாஸ்தா, மூக்கைப் பொத்திக்கொண்டு.

"பேரு தெரியலீங்க சார். ஊருக்குப் பொதுவானது" என்றான் வேதகிரி. அவனுக்குப் பொய் சொல்ல வராது.

"எப்படி இருக்கு இப்போ?"

"நாங்க கை வெச்ச நாளா ஒரு இலைகூட உதிரல சார். ஒரு பூச்சி ஏறல. எப்பேர்ப்பட்ட காத்துக்கும் ஆடல."

குமாஸ்தா அசந்து போனார். அவருடைய சர்வீசில் இப்படி ஒரு பராமரிப்பைக் கேள்விப்பட்டதே இல்லை. முத்திரையை ஓங்கிக் குத்தி உரிமத்தைக் கொடுத்தார்.

"இதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வேலை நடக்கிற இடத்துல, எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி மாட்டணும். வேலை முடியுற வரைக்கும் கழட்டக் கூடாது. கழட்டினா செல்லாது."

மறுநாள் காலையிலேயே மூவரும் தாண்டவராயர் வீட்டில் நின்றார்கள். "வாங்க மாப்ளே" என்று வரவேற்ற அவர், காய்கறி வாங்கச் சந்தைக்குக் கிளம்பினார். போகும்போது, "மரம் எங்கப்பா வெச்சது. பட்ட கிளையைத் தவிர வேற எதுவும் போயிடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செங்கமலம் கொல்லைவாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வேதகிரியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. உடனே அதை மறைத்துக்கொண்டு கையை நீட்டினாள். உரிமத்தைக் கொடுக்கப் போன வேதகிரியின் கையைப் பூவராகன் பிடித்துக்கொண்டான்.

"வேலை நடக்கிற இடத்துல மாட்டணும்னு சொன்னாரே!"

வேலை எங்கே நடக்கப் போகிறது? கிளையில். எனவே வேதகிரி மேலே ஏறி, பட்ட கிளையின் நடுவில் ஆணியடித்து உரிமத்தை மாட்டினான். தெருக்கோடி வரைக்கும் பளபளவென்று தெரிந்தது. பூவராகன் அந்தக் கிளையின் அடியில் வாளை வைத்து அறுக்க ஆரம்பித்தான். பாதி அறுத்ததும் நிறுத்தினான். விரல் மோவாய்க்குப் போயிற்று.

"வேதகிரி, இந்தக் கிளை விழுந்தா உரிமமும் கூடவே விழுமே?"

"விழும்."

"அப்ப அந்த நேரத்துல நாம உரிமம் இல்லாம வேலை செய்யுறவங்க ஆயிடுவோமே?"

"ஆயிடுவோம்" என்றான் ஏகாம்பரம்.

"கழட்டிப் பக்கத்துக் கிளையில மாட்டிடலாமா?" என்றான் வேதகிரி.

"பக்கத்துக் கிளையில வேலை நடக்கலையே. அதோட, கழட்டினாலே செல்லாது."

வேதகிரி கணக்குப் போட்டுப் பார்த்தான். கிளையை வெட்டினால் உரிமம் போகும். வெட்டாவிட்டால் கொட்டகை போகும். இரண்டில் எது போனாலும் செங்கமலம் வர மாட்டாள். கீழே அவள் கீரையை ஆய்ந்தபடி அண்ணாந்து பார்த்தாள். வந்து கூட்டிப் போக மாட்டாரா என்கிற ஏக்கம் அந்தப் பார்வையில் அப்பட்டமாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொந்தமாக ஒரு யோசனை தோன்றியது.

"கிளை அங்கேயே இருக்கட்டும். கொட்டகையை நகர்த்திடுவோம்!"

கொட்டகை என்றால் நான்கு மூங்கில் கால்களும் மேலே கீற்றும்தான். மரத்திலிருந்து இறங்கி, மாட்டை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டிவிட்டு, மூவரும் உள்ளே புகுந்து கொட்டகையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கீற்று கண்ணை மறைத்ததால் வழி தெரியவில்லை. ரொம்ப தூரம் வந்துவிட்டோம் என்று தோன்றியதும் இறக்கினார்கள். வெளியே வந்து பார்த்தால் ஒரு மாமரம். அதில் பட்டுப்போன ஒரு கிளை.

"இங்கேயும் ஒரு பட்ட கிளை இருக்குதே!" என்றான் ஏகாம்பரம்.

"இதுலயும் உரிமம் மாட்டியிருக்காங்க. நமக்குப் போட்டியா எவனோ தொழில் பண்றான்" என்றான் பூவராகன்.

"மரத்தை ஒரு சுத்து சுத்திட்டு தூக்கின இடத்துலயே வந்து நிக்கிறீங்க" என்றாள் செங்கமலம் படியிலிருந்தபடியே.

மறுபடியும் தூக்கினார்கள். நான்கடி நகர்ந்திருப்பார்கள், ஒரு காற்று அடித்தது. பாதி அறுபட்ட கிளை மளமளவென்று முறிந்து, கொட்டகை நின்றிருந்த இடத்தில் தொப்பென்று விழுந்தது. கொட்டகைக்கு ஒரு கீறல் இல்லை. உரிமம் ஆணியோடு பிய்த்துக்கொண்டு பறந்து போய், செங்கமலத்தின் மடியில் கீரைக்கு மேலே உட்கார்ந்தது.

"மடிக்கு வந்துடுச்சு. நான் கையில கொடுக்கத்தான் சொன்னேன்" என்றாள் அவள், அதைத் தொடாமல். வேதகிரி கொட்டகையை மற்ற இருவர் தலையில் விட்டுவிட்டு ஓடிப் போய், மடியிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தான். செங்கமலம் வாங்கிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான்.

சந்தையிலிருந்து வந்த தாண்டவராயருக்குத் தலைகால் புரியவில்லை. கிளை கீழே, கொட்டகை முழுசாக, மரமும் முழுசாக.

"பிரமாதம் மாப்ளே! யாரு வெட்டினது?"

"நாங்க இல்லீங்க மாமா. நாங்க அப்பக் கொட்டகைக்குள்ள இருந்தோம்."

"பின்னே யாரு?"

மூவரும் மரத்தைப் பார்த்தார்கள். பூவராகன் தீர்ப்பைச் சொன்னான். "கிளையை இறக்கினது மரந்தான். அந்த நேரத்துல உரிமமும் அதுகிட்டதான் இருந்துச்சு. எல்லாம் சட்டப்படிதான் நடந்திருக்கு."

தாண்டவராயர் நேர்மையான மனிதர். நெடுநேரம் யோசித்தார். "அப்படின்னா விருந்து அதுக்குத்தானே சேரணும்" என்றார்.

மரத்தடியிலேயே பந்தி விரித்தார்கள். மரத்துக்குத் தலைவாழை இலை. அதற்கடுத்து வேதகிரி, அவனுக்குப் பக்கத்தில் செங்கமலம், பிறகு மற்றவர்கள். வடை, பாயசம், முருங்கைக்கீரைப் பொரியல் எல்லாம் வந்தன. மரம் தொடவில்லை. தொழில் செய்தவர் கை வைக்காமல் மற்றவர்கள் எப்படிக் கை வைப்பது? எல்லோரும் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"உப்பு இல்லையோ?" என்றான் ஏகாம்பரம்.

பூவராகன் மரத்தையும் விழுந்த கிளையையும் மாறி மாறிப் பார்த்தான். "உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கும். விழுந்துச்சே, அதுதான் அதோட வலது கை. இடது கையால சாப்பிடக் கூடாதுன்னு மரியாதையா இருக்கு."

செங்கமலத்துக்கு மனசு கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்து உருட்டி, மரப்பொந்தில் ஊட்டிவிட்டாள். எறும்புகள் வந்து இழுத்துக்கொண்டு போயின. "சாப்பிடுது, சாப்பிடுது" என்று எல்லோருக்கும் சந்தோஷம். தாங்களும் சாப்பிட்டு முடித்தார்கள். ஆனால் பந்தியில் தலை இலைக்காரர் எழுந்திருக்கும் முன்னால் மற்றவர்கள் எழுந்திருப்பது மரியாதை இல்லையே. கை காயக் காய உட்கார்ந்திருந்தார்கள்.

செங்கமலத்தின் பெட்டி கட்டித் தயாராக வாசலில் இருந்தது. மரம் எழுந்ததும் கிளம்ப வேண்டியதுதான். வேதகிரி மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். பக்கத்து இலையில் அவள், மடியில் உரிமத்தோடு, அவன் தோளில் சாய்ந்து குட்டித் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் மரத்தின் பக்கம் குனிந்து, அவள் காதில் விழாமல் சொன்னான்.

"ஒண்ணும் அவசரமில்ல. நீ மெதுவாச் சாப்பிடு."