முளைக்காத குழாய்கள்

செங்கமலம் கால்நடை நோய் ஆய்வகத்தின் தலைவி. அவரிடம் மாணவராகச் சேர்ந்திருந்த இருதயராஜ் பத்து வயது மூத்தவர். ஊர் ஊராகப் போய் மாடுகளுக்கு ஊசி போட்டவர், கிருமிகளைப் படிக்க ஆசைப்பட்டு வந்திருந்தார்.

திறப்பு விழாவுக்குக் காத்திருந்த பறவைப் பூங்கா ஒன்றில் வாத்துகள் எலும்பும் தோலுமாக இளைத்துச் செத்தன. செத்த வாத்தின் ஈரலையும் குளத்துச் சேற்றையும் இருவரும் எடுத்துவந்து, கிருமி வளர்க்கும் குழாய்களில் இட்டுச் சூட்டுப்பெட்டியில் வைத்தார்கள். வாரம் போயிற்று. எதுவும் முளைக்கவில்லை.

"மத்த கிருமின்னா மறுநாளே பொங்கி நிக்கும். இதுல ஒண்ணையும் காணோமே, மேடம்?"

"நாம தேடுறது காசநோய்க் கிருமியோட பங்காளி, சார். மண்ணுல இருக்கும், தண்ணியில இருக்கும், பறவை வயித்துலயும் இருக்கும். அதுக்கு அவசரம் கிடையாது."

பூங்கா நிர்வாகி பரஞ்சோதிக்கு அவசரம் இருந்தது. நேரே ஆய்வகத்துக்கே வந்துவிட்டார்.

"பொங்கலுக்குத் திறப்பு விழா. லாரி நிறைய புது வாத்து வருது. கிருமி இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"குழாய் காலியாத்தானே இருக்கு?"

"காலியாத்தான் இருக்கு."

"அப்ப கிருமி இருக்குன்னாவது சொல்லுங்க."

"அதையும் சொல்ல மாட்டேன். இன்னும் தெரியல. அதைத்தான் சொல்வேன்."

"யாரைப் பார்க்கணுமோ பார்த்துக்கிறேன்."

"பாருங்க. அதுக்காக இது சீக்கிரம் முளைக்காது."

பரஞ்சோதி பார்க்க வேண்டியவரைப் பார்த்தார். செங்கமலத்தை மாநிலத்தின் மறுகோடிக்கு மாற்றினார்கள்.

கிளம்பும்போது இருதயராஜுக்குத் தாங்கவில்லை. "ஒரு வார்த்தைதானே, மேடம். சொல்லியிருந்தா இங்கேயே இருந்திருக்கலாமே?"

"இருந்து?" என்றார் செங்கமலம். பிறகு, "பெட்டியை மட்டும் அணைச்சிடாதீங்க."

பரஞ்சோதி மறுபடி வந்தார். இந்த முறை இருதயராஜின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்களாவது சொல்லுங்க. கிருமி இல்லைதானே?"

"இன்னும் தெரியல" என்றார் இருதயராஜ். குரல் நடுங்கியது. மறுபடி சொன்னார். அப்போது நடுங்கவில்லை.

பொங்கல் போயிற்று. அந்த ஒரு வார்த்தை கிடைக்காமல் விழா நடக்கவில்லை. மாசி பிறந்த பிறகு ஒரு காலை, ஈரல் குழாயிலும் சேற்றுக் குழாயிலும் வெளிர்மஞ்சளாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. இருதயராஜ் சோதித்துப் பார்த்தார். அதே கிருமிதான். தள்ளிப்போட்டிருந்த வாத்து லாரியை வரவே வேண்டாமென்று நிறுத்தினார்கள். குளத்துக்கு வேலி போட்டார்கள்.

இருதயராஜ் செங்கமலத்தைத் தொலைபேசியில் அழைத்தார். "மேலிடத்துல இப்ப உங்களைத்தான் கேட்கிறாங்க, மேடம். உடனே திரும்பி வரணுமாம். என்ன சொல்லட்டும்?"

"இங்கே ஒரு ஏரிச் சேறு பெட்டிக்குள்ள இருக்கு, சார். அது முளைக்கட்டும், வர்றேன்னு சொல்லுங்க."