ஆயிரத்தெட்டோடு ஒருவர்

முன்னொரு காலத்திலே செம்பியூர் நாட்டை வச்சிரபாகு என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கோபம் வந்தால் வாயில் வந்ததைச் சொல்வான். சொன்னதைத் திரும்ப வாங்க மாட்டான். அதுதான் பெரிய வீரம் என்று அவனுக்கு நினைப்பு.

ஒரு போரில் ஜெயித்து வந்த படைத்தலைவன் விசையரையன், சிறைபிடித்தவர்களைக் காளிகோயில் வெளியிலே, ராஜாவும் சபையும் கூடியிருந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். பாதிப்பேர் நேற்றுவரை ஏர் பிடித்த பையன்கள்.

"மகாராஜா, சரியாக ஆயிரத்தெட்டுப் பேர்! அம்மனுக்குப் பலி கொடுத்துவிடலாம். பன்னிரண்டு பன்னிரண்டாக நிறுத்தினாலும் மிச்சம் வராது, பதினாலு பதினாலாக நிறுத்தினாலும் வராது!"

அந்த ஊர்ப் பலிக்கு ஒரு முறை உண்டு. ஆட்களைப் பல வரிசையாக நிறுத்த வேண்டும். வரிசையெல்லாம் சமமாக இருக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் அப்படி அமையாமல் ஓர் ஆள் மிஞ்சினாலும் அன்றைக்கு வாளை உருவக் கூடாது. கொலைக்கு இத்தனை ஒழுங்கு!

அமைச்சர் திருமேனியார் எழுந்தார். "மகாராஜா, இது பலி இல்லை, படுகொலை. உங்கள் ஆத்திரத்துக்கு அம்மன் பெயரைச் சொல்லாதீர்கள்."

அரசன் கண் சிவந்தது. அமைச்சர்மேல் நெடுநாளாகப் பொறாமை கொண்டிருந்த விசையரையன், "எதிரிக்காக எப்படி உருகுகிறார், பாருங்கள்!" என்று எடுத்துக்கொடுத்தான்.

"அவ்வளவு பாசமா? நீரும் போய் அவர்களோடு நில்லும்! அவர்களுக்கு ஆவது உமக்கும் ஆகட்டும்!" என்று சீறினான் அரசன்.

திருமேனியார் போய் அவர்களோடு நின்றார்.

விசையரையன் பன்னிரண்டு பன்னிரண்டாக நிறுத்தினான். ஒருவர் மிஞ்சினார். பதினாலாக நிறுத்தினான், அப்போதும் ஒருவர். பதின்மூன்று, பதினேழு, பத்தொன்பது என்று மாற்றி மாற்றி நிறுத்தியும் எட்டுப் பேர், ஆறு பேர், இரண்டு பேர் என்று யாராவது மிஞ்சினார்கள். காயம்பட்டவர்கள் வெயிலில் நிற்கமுடியாமல் சரிந்தார்கள்.

"இவ்வளவு பெரிய எண் எதிலுமா வகுபடாது?" என்று கத்தினான்.

"ஆயிரத்தெட்டு எப்படி வேண்டுமானாலும் பிரியும், படைத்தலைவரே. ஒன்று கூடினால் எதற்கும் பிரியாது. பெரிய எண்ணெல்லாம் உடையும் என்று உமக்கு யார் சொன்னது?" என்றார் திருமேனியார்.

"மகாராஜா, அவரை வெளியே அழையுங்கள்!"

"நான் சொன்னதை என்னையே விழுங்கச் சொல்கிறாயா?"

"அப்படியானால் இன்னும் ஒரே ஓர் ஆள் கொடுங்கள்! பத்துப் பத்தாக நிறுத்திக் காட்டுகிறேன்!"

அரசன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "சரி, நீயே போய் நில்."

விசையரையன் தடாலென்று அரசன் காலில் விழுந்தான். சபையே பார்க்க, உயிர்ப்பிச்சை கேட்டு அழுதான். அவன் அழுது முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

"திருமேனியாரே, நான் கோபப்படுவேன் என்று தெரிந்துதான் பேசினீரா?"

"ஆமாம், மகாராஜா. இவர்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது."

அரசன் தலை தாழ்ந்தது. "இவன் பதவியும் இனி உமக்குத்தான். வந்து உட்காரும். இவர்களை என்ன செய்வதென்று நாளைக்குப் பார்ப்போம்."

திருமேனியார் அசையவில்லை. "நான் வந்துவிட்டால் இவர்கள் மறுபடியும் ஆயிரத்தெட்டு, மகாராஜா."

அரசன் அவரையும் அந்தக் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "விட்டுவிட்டேன். நீரே அழைத்துக்கொண்டு போம்."

ராஜாவின் சொல்லை நம்பலாம். கோபத்தை யார் நம்புவது? வழியில் ஓர் உயிர் போனாலும் கணக்கு மறுபடியும் ஆயிரத்தெட்டுதானே! நடக்கமுடியாத ஒருவனைத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லை தாண்டும்வரை அவனுக்கு மூச்சு இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தபடியே போனாராம் திருமேனியார்.