மைனாவுக்குப் பின்னால் பத்துச் சுற்று

எங்கள் வீட்டுக் கதவை மூளை வந்து தட்டினால், யார் போய்த் திறப்பது என்று மூன்று பேர் உட்கார்ந்து பேசுவார்கள். பேசி முடிப்பதற்குள் அது அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

அந்த மூன்று பேரில் மூத்தவர் குமரகுரு. கடைசி நம்பிராஜன். நடுவில் செண்பகராஜ், அவரைத்தான் நான் கட்டியிருக்கிறேன். ஏந்தல்புதூரில் மூவருக்கும் சேர்த்து ஒரு வாழைக்காய் மண்டி. வாழைக்காய் நல்ல ஜீவன், யாரிடம் இருந்தாலும் தானாகப் பழுத்துவிடும். அதனால் பிழைப்பு ஓடியது.

இவர்களுடைய தாய்மாமா தீத்தாரப்பன் கோயம்புத்தூரில் இருபது வருஷம் கார்ப் பந்தயம் ஓட்டியவர். மகள் மெல்போர்னுக்கு வரச் சொன்னதும் தன் மஞ்சள் காரை மருமகன்களுக்குக் கொடுத்துவிட்டுப் போக நினைத்தார். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் கார். ஐந்நூறு குதிரைச் சக்தி. கிளப்பினால் எதிர்வீட்டு அலமாரியில் டம்ளர் குலுங்கும். இதுவரை மண்டி டெம்போ மட்டுமே ஓட்டிய இவர்கள் கையில் அதைச் சும்மா கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் வைத்தார். வீட்டில் கான்வென்ட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அந்த ஒரு பாவத்துக்குத்தான் இவ்வளவும்.

மாமா எழுதியிருந்தது இதுதான். ஓட்டிப் பழக முதலில் ஒரு பந்தயத் தடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் வளைவு குறைவாக இருக்க வேண்டும். சுற்றிலும் மோதுவதற்கு எதுவும் இருக்கக் கூடாது. காருக்குள் ஆடுகிற பொருள் ஒன்றும் கூடாது. அந்தத் தடத்தை நன்றாகத் தெரிந்த ஒருவருக்குப் பின்னாலேயே போக வேண்டும். முன்னால் போகிறவர் கை காட்டினால் மட்டும், காட்டிய பக்கமாக மட்டும், தயங்காமல் முந்த வேண்டும். இப்படிப் பத்துச் சுற்று, காரில் ஒரு கீறல் விழாமல். பத்தாவது சுற்றைப் பார்க்க மாமாவே வருவார். முடித்திருந்தால் கார் இவர்கள் பேருக்கு. இல்லாவிட்டால் சங்கரன்கோவில் ஆவுடையப்பனுக்கு.

ஆவுடையப்பன் இவர்களுக்குப் பெரியம்மா மகன். காருக்கு மேலே போர்த்துகிற உறையை அவன் ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டதாகச் சேதி வந்தது. அன்றைக்கு மூன்று பேருக்கும் சோறு இறங்கவில்லை.

மாமா இரண்டு தடங்களின் பெயரும் எழுதியிருந்தார். டெம்போவில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். முதல் தடத்தில் பன்னிரண்டு வளைவு. நம் ஊரிலிருந்து டவுனுக்கே நான்குதான் என்று அதைத் தள்ளிவிட்டார்கள். இரண்டாவதில் ஏழுதான் வளைவு. ஆனால் ஓரத்தில் பழைய டயர்களை மதில் மாதிரி அடுக்கி வைத்திருந்தார்களாம். வண்டி இடித்தால் அடிபடாமல் இருக்க வைப்பது அது. இவர்கள் அதைப் பார்த்ததும் வேறு மாதிரி கணக்குப் போட்டார்கள்.

"டயர் மட்டுமே இவ்வளவு கிடக்குன்னா ஆளு எத்தனை போயிருக்கும்," என்றாராம் பெரியவர் குமரகுரு.

மூவரும் அங்கேயே ஒரு நிமிஷம் மௌனமாக நின்று, கைகூப்பிவிட்டுத் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு என் அடுக்களையில் கூடினார்கள். வளைவே இல்லாத தடம் எது என்பது கேள்வி. நாற்கர சாலை நேராகத்தானே போகிறது என்றார் என் வீட்டுக்காரர். நேராகப் போனால் கன்னியாகுமரியில் கடல் வரும், கடலில் எப்படிச் சுற்றி வருவது என்று பெரியவர் கேட்டார். நம்பி என் இட்லிக் கொப்பரை மூடியை எடுத்து, விளிம்பிலே விரலை ஓட்டிக்கொண்டே இருந்தான்.

"வட்டத்துக்கு எத்தனை வளைவுண்ணே?" என்றான்.

"நீ எண்ணிப் பாத்தியா?"

"ஒண்ணுதான் வருது. ஆனா முடியவே மாட்டேங்கு."

பெரியவர் மூடியை வாங்கி அவரும் விரலை ஓட்டினார். என் வீட்டுக்காரரும் ஓட்டினார். அடுப்பில் இட்லி மூடி இல்லாமல் வெந்துகொண்டிருந்தது.

"முடியுதோ இல்லையோ, ஒண்ணு ஒண்ணுதானல," என்று தீர்ப்புச் சொன்னார் பெரியவர். "பன்னிரண்டுக்கு ஒண்ணு தேவலை."

ஆக, வட்டம். மோதுவதற்கு எதுவும் இல்லாத இடம் ஊருக்கு மேற்கே வற்றிக் கிடந்த பெரிய குளம். வைகாசி வெயிலில் அதன் நடுவே ஒரு குட்டைதான் மிச்சம். ஒரு கரை ஓரம் ஆழமில்லாத சகதி. அதற்கு வலது பக்கம், செங்கல் சூளைக்காரர்கள் மண் அள்ளிய பெரிய குழி, தண்ணீர் மூடிக் கிடந்தது. ஊரில் எல்லோருக்கும் அந்தக் குழி தெரியும். இவர்களுக்கும் தெரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தடத்துக்குக் கோடு போட வேண்டுமே. சுண்ணாம்பு டயரை அரித்துவிடும் என்று, நான் முறுக்குக்குத் திரித்து வைத்திருந்த பச்சரிசி மாவு எட்டுக் கிலோவையும் அள்ளிக்கொண்டு போய் வட்டம் போட்டார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் வட்டத்தில் கால்வாசியைக் காணோம்.

"வளைவை எறும்பு தூக்கிட்டுப் போயிட்டுண்ணே," என்றான் நம்பி.

"நல்லதுதானல. வளைவு குறையணும்னுதான மாமா எழுதியிருக்காரு."

சாயங்காலத்துக்குள் எறும்புகள் வளைவை முழுசாகக் குறைத்துவிட்டன. இந்த மாதிரி தடம் இந்தியாவிலேயே கிடையாது என்று மூவருக்கும் ஒரே பெருமை.

காருக்குள் ஆடுகிற பொருள்களை எடுத்தார்கள். மிதியடி, தண்ணீர் பாட்டில், கண்ணாடியில் தொங்கின பிள்ளையார். ஓட்டப்போவது என் வீட்டுக்காரர். அவர் உள்ளே உட்கார்ந்து வாயைத் திறந்தபோது, கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுவதைப் பெரியவர் பார்த்துவிட்டார். நேராகப் பல் டாக்டரிடம் கூட்டிப்போய் அதையும் எடுத்தார்கள். டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டாராம். வலி இல்லை, கார் விஷயம் என்றாராம் இவர்.

அடுத்து, தடம் தெரிந்த ஆள். எட்டு வருஷமாகத் தினமும் அந்தக் குளத்தில் நடக்கிற ஜீவன் ஊரில் ஒன்றே ஒன்றுதான். பேச்சியம்மாவின் எருமை மைனா.

பேச்சியம்மா வாயைத் திறந்து அதிகம் பேச மாட்டாள். மூவரும் போய் விஷயத்தைச் சொன்னபோது, "அது வேகமால்லாம் போவாது," என்று மட்டும் சொன்னாள். கத்துக்குட்டிகளுக்கு அதுதான் வேண்டும் என்று பெரியவர் நன்றி சொன்னார்.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு மைனா கொட்டிலை விட்டுக் கிளம்பியது. அதன் வாலுக்கு நான்கு முழம் பின்னால், ஐந்நூறு குதிரைச் சக்தி உறுமிக்கொண்டு நகர்ந்தது. மைனா நின்றால் கார் நின்றது. மேய்ந்தால் காத்திருந்தது. நண்பகலில் மைனா குட்டைச் சகதியில் இறங்கிப் படுத்தது. கார் கரையில் நின்றது. மூன்றரை மணிக்கு எழுந்து, வழியெல்லாம் மேய்ந்து, நாலு நாற்பதுக்குக் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தது. கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டபடியால் அது ஒரு சுற்று. ஒன்பது மணி நேரம், நாற்பது நிமிஷம். மறுநாள் அதே ஒன்பது மணி நேரம், முப்பத்தைந்து நிமிஷம். ஒரே நாளில் ஐந்து நிமிஷம் குறைத்ததற்கு மண்டியில் எல்லோருக்கும் டீ.

மூன்றாம் நாள் ஒரு சிக்கல். மைனா வாலை ஆட்டியது.

"வலது பக்கம் காட்டுது, முந்திரு," என்றார் பக்கத்தில் நடந்து வந்த பெரியவர்.

"இப்ப இடது பக்கம் காட்டுதே," என்றார் என் வீட்டுக்காரர்.

"ரெண்டு பக்கமும் போகச் சொல்லுதோ என்னமோ. ஒத்தைக் காரை வச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் எப்பிடிண்ணே போறது?" இது நம்பி.

சாப்பாட்டுத் தூக்கோடு போயிருந்த நான், அது ஈ ஓட்டுகிறது என்றேன்.

"ஈயா இருந்தாலும் அதை எந்தப் பக்கம் ஓட்டுதுன்னு பாக்கணும்ல, மதினி," என்றான் நம்பி.

வீட்டுக்கு வந்து கடிதத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். கை என்றுதான் இருக்கிறது, வால் என்று இல்லை. கை வைக்காத சைகை செல்லாது என்று பெரியவர் முடித்துவைத்தார். மைனாவை யாரும் முந்தவில்லை.

இப்படியே ஒன்பது சுற்று. காரில் ஒரு கீறல் இல்லை. சங்கரன்கோவிலில் ஆவுடையப்பன் உறையைக் கடையில் திருப்பிக் கொடுக்க ரசீது தேடுவதாகக் கேள்வி.

பத்தாம் நாள் நண்பகலில் தீத்தாரப்ப மாமா வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் காரின் காகிதங்கள், நாலரை மணிக்கு ரயில். மெல்போர்ன் போவதற்கு முன் இதுதான் அவருக்குக் கடைசி வேலை. தடம் எங்கே என்று கேட்டார். குளத்துக்குக் கூட்டிப்போனேன். கரையில் மஞ்சள் கார் உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் சகதியில் மைனா கண்ணை மூடிப் படுத்திருந்தது. நடந்ததை நான் சொல்லச் சொல்ல, மாமா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கீறல் இல்லாததைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பரவாயில்லை, எருமையை விட்டுவிட்டு வண்டியைக் கொட்டிலுக்குக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

"அது கை காட்டலையே, மாமா," என்றார் என் வீட்டுக்காரர்.

நான் காட்டுகிறேன் என்று மாமா கையை ஆட்டினார். முன்னால் போகிறவர்தான் காட்ட வேண்டும், நீங்கள் பக்கவாட்டில் நிற்கிறீர்கள் என்று பெரியவர் பணிவாக எடுத்துச் சொன்னார். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு சகதியில் இறங்கி, காருக்கு நேர் முன்னால் நின்று காட்டினார். முன்னால்தான், ஆனால் தடம் தெரிந்தவர் மைனாவல்லவா என்றார் பெரியவர். நாங்களா எழுதினோம், மாமா, நீங்கள் எழுதியதுதானே என்றான் நம்பி.

மணி இரண்டு. மாமா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பத்து நாளில் நான் கற்றுக்கொண்டது அதுதான்.

கடைசியில் இருபது வருஷம் பந்தயம் ஓட்டிய மனுஷன், முழங்கால் சகதியில் குனிந்து, மைனாவின் வாலை இரண்டு கையாலும் பிடித்து, வலது பக்கமாக நீட்டிக் காட்டினார்.

மூன்று பேரும் யோசித்தார்கள்.

"இப்ப கையும் இருக்கு," என்றார் பெரியவர். "வாலும் இருக்கு."

"அந்தப் பக்கம் சூளைக் குழில்லா கெடக்கு," என்றான் நம்பி.

"குழி கெடக்கட்டும்ல. காட்டுன பக்கமாத்தான முந்தணும்."

என் வீட்டுக்காரர் தயங்கவில்லை. ஐந்நூறு குதிரையும் பத்து நாள் கழித்து ஒன்றாக விழித்தன. மைனாவை வலது பக்கமாக ஒழுங்காக முந்திப் போய், கார் குழிக்குள் இறங்கி, தண்ணீர் கண்ணாடி மட்டத்துக்கு வந்ததும் நின்றது. உறுமல் அடங்கியது. இவர் ஜன்னல் வழியாக ஏறிக் கூரைமேல் உட்கார்ந்துகொண்டு, மாமா அடுத்து என்ன சைகை காட்டுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நம்பி தண்ணீரில் குதித்து, காரை நான்கு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு வெளியே தலையை நீட்டினான்.

"ஒரு கீறல்கூட இல்ல, மாமா."

மாமா சட்டைப் பையில் கையை விட்டார். பேனாவைத் தேடினார். எங்காவது கையெழுத்தைப் போட்டுவிட்டு ரயிலைப் பிடித்தால் போதும் என்றாகிவிட்டது அவருக்கு. பெரியவர்தான் தடுத்தார். பத்தாவது சுற்று முடியாமல் கையெழுத்து வாங்குவது முறையில்லை என்றார்.

நல்லவேளை, இத்தனை கூத்தில் மைனாவுக்குத் தூக்கம் கலைந்திருந்தது. எழுந்து, உடம்பை உதறி, கொட்டிலைப் பார்த்து நடந்தது. கூரையிலிருந்து இறங்கி நீந்தி வந்த என் வீட்டுக்காரர், நான்கு முழம் விட்டு அதன் பின்னால் நடந்தார். இல்லாத ஒரு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் பெரியவர், நம்பி, காகிதங்களோடு மாமா, கடைசியில் தூக்குச் சட்டியோடு நான். குளத்தங்கரைப் பாதை ஓர் ஆள் அகலம். வலது பக்கம் சேறான வாய்க்கால்.

மூன்றே கால் ஆயிற்று. மைனா ஒரு புல்லைப் பார்த்து நின்றது. எல்லோரும் நின்றோம். மாமா கடிகாரத்தைப் பார்த்தார். வழி விடுங்களேன்டா என்று கெஞ்சினார்.

என் வீட்டுக்காரர் பெருந்தன்மையான ஆள். திரும்பிப் பார்க்காமல், வலது கையை அழகாக நீட்டிக் காட்டினார். பெரியவரும் அதே பக்கம் நீட்டினார். நம்பியும் நீட்டினான்.

மாமா தயங்காமல் முந்தினார்.

சத்தம் அடங்கியதும், நம்பி வாய்க்கால் ஓரம் குந்தி உட்கார்ந்து, சேற்றுக்குள் இருந்த மாமாவை ஒரு பக்கம், மறு பக்கம் என்று நிதானமாகப் பார்த்தான்.

"ஒரு கீறல்கூட இல்லண்ணே," என்றான்.