கியர்பாக்ஸ் சூடு

மலையேறும் ஜீப் சங்கத்தின் தலைவர் வெள்ளியங்கிரி, தன் பழைய ஜீப்பைப் பட்டறை வாசலில் நிறுத்தினார். கூடவே சங்கத்து ஆட்கள் நாலு பேர்.

"கியர்பாக்ஸ் சூடுன்னு சிவப்பு லைட் எரிஞ்சுகிட்டே இருக்குது. சென்சார் பொய் சொல்லுது. ரெண்டு நாள்ல வேற மாட்டலைன்னா, உன்ற பட்டறைக்கு ஒருத்தனும் வரமாட்டான்!"

அந்த மாடல் வருவது நின்று பத்து வருஷம். மெக்கானிக் அமீர்ஜான் காயலான்கடைகளெல்லாம் அலைந்து மூன்று சென்சார் கொண்டுவந்தான். ஒவ்வொன்றாக மாட்டச் சொல்லி, தலைவர் கடைவீதியைச் சுற்றி வந்தார். மூன்று தடவையும் லைட் எரிந்தது.

"நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா?"

"ஊரெல்லாம் தேடிட்டனுங்க. உண்மை சொல்ற சென்சார்தான் கிடைக்குது" என்றான் அமீர்ஜான் பணிவாக. "ஆமா, தார் ரோட்டுல எதுக்குங்க மலையேத்தத்து லோ கியர்? அதுலயே ஓட்டுனா சூடாகத்தானே செய்யும்?"

வெள்ளியங்கிரிக்குக் காது சுட்டது. கடைவீதியே திரும்பிப் பார்க்கும் அந்த உறுமலுக்காகத்தான் லோ கியரை விலக்காமலே வைத்திருந்தார்.

"மலை இறங்கினதும் அதை எடுத்துடணும்னு நீங்கதானே அண்ணா எங்களுக்குப் பாடம் நடத்துனீங்க?" என்றார் சங்கத்தில் ஒருவர்.

வெள்ளியங்கிரி லோ கியரை விலக்கிவிட்டுக் கிளம்பினார். வீடு போய்ச் சேரும்வரை லைட் எரியவே இல்லை. ஒரு தடவையாவது எரியாதா என்றிருந்தது அவருக்கு.